படத்தில் இருப்பவர் பெயர் எங்கே எழுதப்படுகிறது? பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்று போட்டோ மென்பொருள் தேர்ந்தெடுத்த விவரம்

டிஜிட்டல் போட்டோக்களை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். விலை முக்கியம்தான். இங்கே நான் எழுதப்போகும் குடும்பத்துக்கு ஹார்ட் டிஸ்க் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 12,000 ரூபாய்தான் பட்ஜெட். ஆனால் இந்த வேலையில் பெரிய செலவு ரசீதில் வருவதே இல்லை. இவர் யார், எந்த ஊர், எந்த விசேஷம், எந்த வருஷம் என்று ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து அடித்து வைக்கிறாரே, அந்த உழைப்புதான் பெரிய செலவு. மென்பொருள் அதைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறதா, தன் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறதா என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். ஏறக்குறைய இதே நிலையில் பல வீடுகள் இருக்கின்றன என்பதால் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

தொகுப்பும் சிக்கலும்

தொகுப்பு என் அத்தை வீட்டுடையது. மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிஜிட்டல் கேமரா வந்த காலத்திலிருந்து குடும்ப விசேஷம் எதையும் விட்டதில்லை. போதாததற்கு, சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்களையெல்லாம் கேட்டு வாங்கி வந்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து போன மாதக் காதுகுத்து வரை சுமார் 60,000 கோப்புகள். 400 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. கேமரா ஜேபெக், பழைய நோக்கியா போனில் எடுத்த சின்னப் படங்கள், கல்யாண ஸ்டூடியோக்கள் கொடுத்த டிவிடிக்கள், வாட்ஸ்அப்பில் வந்தவை, டொரண்டோவில் இருக்கும் மகன் அனுப்பியவை, சென்னையில் இருக்கும் மகளின் ஐபோன் படங்கள் என்று எல்லா வகையும் உண்டு.

இவை எல்லாவற்றையும் அவர் பிகாசா என்ற போட்டோ மென்பொருளில் வைத்திருந்தார். பிகாசாவைக் கூகுள் 2004-ல் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. நம் ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஏராளமானோர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். முகங்களைத் தானே கண்டுபிடித்து, 'இது யார்?' என்று கேட்கும் வசதி அதில் இருந்தது. மாமா பொறுமையாக ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுத்துவந்தார். 2016 மார்ச் 15-ஆம் தேதியோடு கூகுள் கம்ப்யூட்டருக்கான பிகாசாவை நிறுத்தியது. ஏற்கெனவே நிறுவியது தொடர்ந்து ஓடியதால் அவருக்கு எதுவும் மாறவில்லை.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் தள்ளாடத் தொடங்கி, மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளி டிஸ்க்கைப் புது லேப்டாப்பில் செருகினால் படங்கள் எல்லாம் திறந்தன. மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "மருமவனே, படம் பூரா இருக்கு, பேரைத்தான் காணோம். பேரு இல்லாட்டா இது யாரு வீட்டுப் படமோ!"

காரணம் எளிது. பிகாசா ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மறைகோப்பு வைக்கும். படத்தில் முகம் எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது, அதற்கு என்ன அடையாள எண் என்பவை அதில் இருக்கும். அந்த எண் யாரைக் குறிக்கிறது என்ற முழுப் பட்டியலோ கம்ப்யூட்டரின் சி டிரைவில், பிகாசாவுக்கான தனி ஃபோல்டரில் இருக்கும். படங்கள் வெளி டிஸ்க்கில். பெயர்ப் பட்டியல் பழைய கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கத்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடுக்க வேண்டாம் என்று சொன்னதுதான் இந்த வேலையில் நான் முதலில் செய்தது. பிகாசாவை இன்னும் வைத்திருக்கும் யாரும் அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்கு முன் இந்தக் கட்டுரையில் கீழே வரும் மாற்று வேலையைச் செய்துவிட வேண்டும். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போயின. அவற்றில் பாதியை மாமா முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் பழைய படங்கள் அப்போது இருந்தது இந்த ஒரே டிஸ்க்கில்தான்.

என்ன வேண்டும் என்று முடிவு செய்தது

மென்பொருள் பெயர்களைப் பார்க்கும் முன் மாமாவையும் அத்தையையும் உட்கார வைத்துப் பேசினோம். ஆள் பெயரைக் கொண்டு தேட வேண்டும். தமிழில் குறிப்பு எழுத முடிய வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். தப்பான தேதிகளை மொத்தமாகத் திருத்த முடிய வேண்டும். வருடா வருடம் பணம் கட்டும் ஏற்பாடு வேண்டாம் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். "நான் கட்டுவேன். எனக்குப் பிறகு எவன் ஞாபகம் வச்சுக் கட்டுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்தை அழகுபடுத்தும் வசதிகள் பற்றி யாரும் கேட்கவே இல்லை. மென்பொருள் விளம்பரங்கள் பெரும்பாலும் அதைத்தான் முன்னால் காட்டுகின்றன என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தேர்வுக்கு வைத்த சோதனை

தொகுப்பிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் சில படங்களாக எடுத்து ஒரு சின்ன ஃபோல்டர் செய்துகொண்டோம்: ஒரு ஸ்கேன், ஒரு கேமரா படம், ஒரு நோக்கியா படம், ஒரு வாட்ஸ்அப் படம், ஐபோன் எடுக்கும் எச்இஐசி வகைப் படக் கோப்பு ஒன்று என்ற மாதிரி. பார்க்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் இந்த ஃபோல்டரின் நகல் ஒன்றைக் கொடுத்து, ஒரு முகத்துக்குப் பெயர், தமிழில் ஒரு வரிக் குறிப்பு, ஒரு தமிழ்க் குறிச்சொல் (டேக்), ஒரு தேதித் திருத்தம் ஆகியவற்றைச் செய்வோம். பிறகு ஃபோல்டரை அந்த மென்பொருளே இல்லாத வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் எக்ஸிஃப்டூல் என்ற கருவியால் திறந்து பார்ப்போம். ஃபில் ஹார்வி 2003 முதல் பராமரித்துவரும் இலவசக் கருவி இது. ஒரு படக் கோப்புக்குள் என்னென்ன விவரம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒன்று விடாமல் காட்டும்.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. ஜேபெக் கோப்பில் படத்தோடு சேர்த்து எழுத்து விவரங்கள் வைக்க மூன்று இடங்கள் உண்டு. எக்ஸிஃப், கேமரா தானே எழுதுவது: தேதி, நேரம், லென்ஸ் முதலியவை. ஐபிடிசி, செய்தி நிறுவனங்களுக்காக வந்தது: தலைப்பு, குறிப்பு, குறிச்சொல். எக்ஸ்எம்பி, அடோபி 2001-ல் கொண்டுவந்தது. முகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அது யார் என்பதையும் இதில் பொதுவான முறையில் எழுதலாம். இந்த மூன்றில் எழுதிய எதையும் நாளைக்கு வரும் இன்னொரு மென்பொருளும் படிக்க முடியும். வேறு எங்கே எழுதினாலும் அந்த மென்பொருள் உயிரோடு இருக்கும் வரைதான்.

பார்த்தவை

கூகுள் போட்டோஸ் எல்லோரும் முதலில் சொன்னது. தேடலில் அதை மிஞ்ச ஆளில்லை. 'கடற்கரை' என்று அடித்தாலே மணப்பாடு படங்கள் வந்து நிற்கும். ஆனால் 2021 ஜூன் 1-லிருந்து அளவில்லா இலவச இடம் கிடையாது. ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். 400 ஜிபியை ஏற்ற வேண்டுமானால் 2 டிபி திட்டத்துக்குப் போக வேண்டும். நாங்கள் பார்த்தபோது அது மாதம் 650 ரூபாய். சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அங்கே கொடுத்த முகப் பெயரும் குறிப்பும் படத்துக்குள் போவதில்லை. கூகுளின் டேக்அவுட் சேவை வழியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்தால், படத்தோடு தனியாக ஜேசன் என்ற வகை எழுத்துக் கோப்பு ஒன்று வருகிறது. விவரங்கள் அதில் இருக்கும். திரும்பச் சேர்க்க முடியாது என்றில்லை. ஆனால் அதை ஓய்வுபெற்ற ஒருவரால் தனியாகச் செய்ய முடியாது.

சந்தா கட்டிப் பயன்படுத்தும் அடோபி லைட்ரூம் கிளாசிக் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறியது. விவரங்களைத் தானாகப் படத்துக்குள் எழுதும் வசதி ஆரம்பத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் போய் அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், தேடலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் மூடிக்கொள்ளும். தொழில்முறைப் போட்டோகிராபர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். மாமாவுக்குச் சந்தா என்ற சொல்லே ஆகாது என்பதால் விட்டோம். ஒரு முறை வாங்கினால் போதும் என்று பெயர் பெற்ற போட்டோஷாப் எலிமென்ட்ஸும் 2025 பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமமாக மாறிவிட்டது.

எக்ஸ்என்வியூ எம்பி வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வேகமானது. மிகப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். படங்களைப் பார்க்க, பெயர் மாற்ற, ஃபோல்டர் பிரிக்க அருமையான கருவி. மாமாவின் லேப்டாப்பில் இன்றும் இருக்கிறது. குறிச்சொற்களைத் தன் தரவுத்தளத்தில் வைப்பதுதான் அதன் வழக்கம், படத்துக்குள் எழுதச் சொல்லி நாம்தான் அமைக்க வேண்டும். பிகாசாவில் கொடுத்திருந்த முகப் பெயர்களுக்கு அதில் வழி கிடைக்கவில்லை.

இம்மிச் பற்றி டொரண்டோ மச்சான் ஆர்வமாகச் சொன்னான். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட்டு, கூகுள் போட்டோஸ் மாதிரியே வீட்டுக்குள் நடத்திக்கொள்ளும் இலவச மென்பொருள் இது. நல்ல மென்பொருள்தான். அதை அடிக்கடி புதுப்பித்துப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். பாளையங்கோட்டை வீட்டில் அப்படி யாரும் இல்லை.

ஏன் டிஜிகாம்

கடைசியில் எடுத்தது டிஜிகாம். 2001-ல் ரெஞ்சி ராஜு தொடங்கியது. இப்போது கேடிஈ என்ற இலவச மென்பொருள் அமைப்பின் கீழ் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போதே, விவரங்களைப் படக் கோப்புகளில் எழுதட்டுமா, வேண்டாமா என்று அது கேட்கிறது. மற்ற மென்பொருள்கள் அமைப்புகளுக்குள் எங்கோ வைத்திருக்கும் கேள்வியை இது வாசலிலேயே கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 'கோப்புகளில் எழுது' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் எழுத்து விவரங்கள்) பகுதிக்குப் போய் குறிச்சொல், குறிப்பு, தேதி, முகக் கட்டம் ஆகிய நான்குக்கும் டிக் அடித்தோம். சோதனை ஃபோல்டரை எக்ஸிஃப்டூலில் திறந்தபோது முகத்தின் பெயர், அது படத்தில் இருக்கும் இடம், தமிழ்க் குறிப்பு, திருத்திய தேதி எல்லாமே ஜேபெக் கோப்புக்குள் இருந்தன. அதே படத்தை லைட்ரூமில் திறந்தாலும் முகப் பெயர் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரை முழுக்கப் பட்டன்களும் பக்கவாட்டுத் தாவல்களுமாக நிறைந்திருக்கும். பிகாசாவின் எளிமைக்குப் பழகிய மாமா முதல் வாரம் திணறினார். முதல் தடவை தொகுப்பை முழுதும் படிக்க நீண்ட நேரம் எடுக்கிறது. முகம் தேடும் வேலை சாதாரண லேப்டாப்பைச் சூடாக்கிவிடும். அதற்காகத் தனியாகத் தரவிறக்க வேண்டிய கோப்புகளும் பெரியவை. நல்ல நெட் இருக்கும் இடத்தில் செய்துகொள்வது நல்லது. எப்போதாவது தானாக மூடிக்கொள்ளவும் செய்யும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. நாளைக்கே டிஜிகாம் நின்றுபோனாலும் மாமா அடித்த பெயர்கள் படங்களோடு இருக்கும்.

பிகாசாவிலிருந்து பெயர்களை மீட்டது

மாற்றத் தொடங்கும் முன் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்தோம். கோப்புகளுக்குள் எழுதப்போகிற வேலை என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பழைய கம்ப்யூட்டரில் பிகாசா 3.9 பதிப்பு இருந்தது. டூல்ஸ் மெனுவில் எக்ஸ்பெரிமென்டல் என்ற பகுதிக்குள் 'ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி' என்று ஒரு கட்டளை உண்டு. பலரும் கவனிக்காத மூலை அது. அதை அழுத்தினால் தன் பெயர்ப் பட்டியலில் உள்ள முகங்களை எல்லாம், எல்லோரும் படிக்கக்கூடிய முறையில் படங்களுக்குள் எழுதிவிடும். ராத்திரி ஓடவிட்டோம். காலையில் அதே டிஸ்க்கைப் புது லேப்டாப்பில் செருகி டிஜிகாமைப் படிக்கச் சொன்னபோது, இடது பக்கம் 'பீப்பிள்' என்ற தலைப்பின் கீழ் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

குறிப்புகளைப் பிகாசா ஜேபெக்கின் ஐபிடிசி பகுதியிலேயே எழுதியிருந்ததால் அவை தாமாகவே வந்தன. பிகாசா ஆல்பங்கள் வராது. அவை பிகாசாவுக்குள் மட்டும் இருக்கும் பட்டியல்கள். அதற்கு ஒரு வழி செய்தோம். பிகாசாவிலேயே ஒவ்வொரு ஆல்பத்தையும் திறந்து, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாகக் கொடுத்தோம். குறிச்சொல் படத்துக்குள் போய்விடுவதால் அது டிஜிகாமிலும் வந்தது. பிகாசாவில் திருத்திவிட்டு 'சேவ்' செய்யாமல் விட்ட படங்களையும் அப்போதே சேவ் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திருத்தாத பழைய படம்தான் வரும்.

பெயர் வைப்பதில் வந்த பிரச்சினை

பெயர்கள் வந்த பிறகுதான் பெரிய விஷயம் புரிந்தது. மாமா பாதிப் பேருக்கு உறவுமுறையைத்தான் பெயராகக் கொடுத்திருந்தார்: 'பெரிய மைனி', 'சின்ன மச்சான்', 'டவுன் அத்தை'. அவருக்கு அது தெளிவு. அவருடைய மகளுக்குப் 'பெரிய மைனி' யார்? அப்பாவின் அண்ணன் மனைவி, அதாவது பெரியம்மா. பேரனுக்கு அதே ஆள் ஆச்சி. ஒரே முகம் பார்ப்பவரைப் பொறுத்து வேறு வேறு உறவாகும்போது, உறவுமுறையை வைத்துத் தேடினால் யாருக்கும் ஆள் கிடைக்காது.

போதாததற்கு, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் நாலைந்து பேர். இனிஷியலும் சில சமயம் ஒன்றாகவே இருக்கிறது. பிகாசா தாத்தாவின் இளவயதுப் படத்தையும் பேரனையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டிருந்தது; முகச்சாயலும் ஒத்துப்போனதால் மென்பொருளைக் குறை சொல்லவும் முடியாது.

வைத்த விதி இது: இனிஷியல், பெயர், பிறந்த வருடம். பிறந்த வருடம் தெரியாத பழைய ஆட்களுக்கு ஊர்ப் பெயர். உறவுமுறை குறிச்சொல்லில் வரவே கூடாது. எழுத ஆசைப்பட்டால் குறிப்பில் 'இன்னாரின் அக்கா' என்று எழுதலாம். பெண்களைக் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலில் வைப்பதா, பிந்தையதா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. பிறந்த வீட்டு இனிஷியலே இருக்கட்டும் என்று அத்தை சொன்னார்கள். ஒரு ஆளுக்குக் கடைசி வரை மாறாமல் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பதால் அது தொழில்நுட்ப ரீதியாகவும் சரியான முடிவு.

பெயர் தெரியாத முகங்களுக்கு 'விசாரிக்க' என்று ஒரு குறிச்சொல். விசேஷத்துக்கு வரும் பெரியவர்களிடம் லேப்டாப்பை வைத்து அந்தக் குறிச்சொல்லை மட்டும் திறந்து காட்டுகிறார்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல வழியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியது

ஐபிடிசி தரத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் என்று வரம்பு உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழுக்குப் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு மூன்று பைட்; 'கு' என்றால் க, உகரக் குறி இரண்டுக்கும் சேர்த்து ஆறு. 'குற்றாலம் சீசன் குடும்பச் சுற்றுலா' என்ற குறிச்சொல் 96 பைட் ஆகிறது. வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மென்பொருள் ஒன்று அதை வெட்டினால் 'குற்றாலம் சீசன் குடும்' என்று பாதியில் நிற்கும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு கிடையாது. ஆனால் எந்த மென்பொருள் எதைப் படிக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

அதனால் குறிச்சொற்களைச் சின்னதாக உடைத்தோம். ஊர் தனி, விசேஷம் தனி, ஆள் தனி: 'குற்றாலம்', 'சுற்றுலா'. நீளமாகச் சொல்ல வேண்டியது குறிப்பில். இப்படி உடைத்ததில் தேடலும் எளிதானது. குற்றாலத்தில் எடுத்த எல்லாமும் ஒரே சொல்லில் வரும்.

ஃபோல்டர் பெயரில் தேதியை எண்ணில் முதலில் வைத்து, பிறகு தமிழ்ப் பெயர் வைத்தோம். லேப்டாப்பில் தமிழ் நன்றாகத் தெரியும். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் சில டிவிக்களில் தமிழ் கட்டம் கட்டமாக வரும். அப்போது முன்னால் இருக்கும் எண் கைகொடுக்கும்.

தேதிகள்

ஸ்கேன் செய்த படங்களுக்கு ஸ்கேன் செய்த நாளே தேதியாக இருந்தது. 1964-ல் எடுத்த ஒரு படம் 2011-ல் போய் உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தின் பின்பக்கத்தையும் மாமா ஸ்கேன் செய்து வைத்திருந்தார். ஸ்டூடியோ முத்திரைக்குக் கீழே மைப்பேனாவில் 'பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில், 1964' என்று சரிந்த எழுத்து. நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் வருடந்தோறும் அந்த நாளில் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். பங்குனி உத்திரம் வருடத்துக்கு ஒரு நாள்தான் என்பதால் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தேதியே கிடைத்துவிடுகிறது. வருடம் மட்டும் தெரிந்த படங்களுக்கு ஜனவரி 1 என்று போட்டு, 'தோராயம்' என்ற குறிச்சொல்லையும் சேர்த்தோம். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கத்தை எத்தனை துல்லியமாக எடுத்தாலும் அந்த விவரம் கிடைக்காது.

மகன் கேமராவை டொரண்டோ நேரத்திலேயே வைத்துக்கொண்டு தை மாதக் கல்யாணத்துக்கு வந்திருந்தான். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். காலை 6.30 முகூர்த்தம் அவன் படங்களில் முந்தைய நாள் இரவு 8 மணி. நலங்கும் தாலிகட்டும் கலந்து கிடந்தன. டிஜிகாமின் தேதி திருத்தும் பகுதியில் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து 10.30 மணி நேரம் கூட்டினோம். வரிசை சரியானது.

வாட்ஸ்அப் படங்களில் எக்ஸிஃப் விவரம் நீக்கப்பட்டுவிடும், ஆனால் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். கோப்புப் பெயரிலிருந்து தேதியை எடுக்கும் வசதி டிஜிகாமில் உண்டு. அது படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரிப் படங்களைத் தேடும் வசதியை ஓட்டியதும், வாட்ஸ்அப்பில் வந்த சின்ன நகலும் கேமராவின் பெரிய அசலும் ஜோடி ஜோடியாக வந்தன. சின்னதை நீக்கும் முன் அதில் மட்டும் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

செலவும் நகலும்

மென்பொருளுக்குச் செலவு இல்லை. 1 டிபி வெளி டிஸ்க் இரண்டு, ஒவ்வொன்றும் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மீதிப் பணத்தில் ஒரு பகுதியை மாமா கேடிஈக்கு நன்கொடையாக அனுப்பச் சொன்னார். இலவசமாகக் கிடைப்பதற்கு முடிந்ததைக் கொடுப்பது சரி என்று நானும் நினைக்கிறேன்.

ஒரு டிஸ்க் பாளையங்கோட்டையில், இன்னொன்று சென்னையில் மகள் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது மாற்றிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் வைத்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எல்லோரும் போனில் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு, பொறுக்கி எடுத்த சுமார் 3,000 படங்களை மட்டும் கூகுள் போட்டோஸில் பகிர்ந்த ஆல்பமாக வைத்திருக்கிறோம். இலவச 15 ஜிபிக்குள் அது அடங்குகிறது. யாராவது அங்கே பெயரோ குறிப்போ சொன்னால் மாமா அதை டிஜிகாமில் வந்து அடிக்கிறார். ஆல்பத்தில் யாரும் திருத்துவதில்லை.

இன்னும் முடியாதவை

ஐபோனின் எச்இஐசி கோப்புகளுக்கும் வீடியோக்களுக்கும் விவரங்களை உள்ளே எழுதுவது ஜேபெக் அளவுக்கு நம்பகமாக இல்லை. அவற்றுக்கு மட்டும், படத்தின் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு எக்ஸ்எம்பி துணைக்கோப்பு எழுதும்படி அமைத்திருக்கிறோம். டிஜிகாமுக்குள் இருந்து நகர்த்தினால் துணைக்கோப்பும் சேர்ந்தே போகும். விண்டோஸ் ஃபோல்டரில் கையால் இழுத்துப் போட்டால் ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாகப் பிரிந்துவிடும். ஆகவே கோப்பு நகர்த்துவது முழுக்க டிஜிகாமில்தான் என்று மாமா லேப்டாப்பின் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். மகளின் போனில் கேமரா அமைப்பை ஜேபெக்குக்கு மாற்றிவிட்டோம். இனி வரும் படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்டூடியோ டிவிடிக்களில் சில படிக்கவே மறுக்கின்றன. வேறு டிரைவில் போட்டுப் பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 'விசாரிக்க' பட்டியலில் இன்னும் சில நூறு முகங்கள் பாக்கி.